வெறும் மெத்தனாலில் எழுந்த சிகரம்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். எண்பத்தேழாம் வருஷம். ஒடுகத்தூர் ரோட்டில் பஸ்ஸை விட்டிறங்கிய சாரா தனியாக நடந்தாள். இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லை... ஓர் ஆள் இல்லை. பேய் வந்தாலும் சரி, கூட வரட்டும் என்றிருந்தது அவளுக்கு.

நம்ம பக்கத்து வீட்டு ஜெயபுஷ்பத்துக்குச் சித்தி மகள் இந்த சாரா. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு என்று பார்க்கும் மெஷின் அவள் பொறுப்பு. ரத்தச் சாற்றை ஊசியால் உள்ளே செலுத்தினால், பேனா காகிதத்தில் ஒரு சிகரம் வரையும்... கிர்ர்ர்... உயரம்தான் அளவு.

தாய் தகப்பன் இல்லை. தங்கை லில்லி மட்டும். பதினாறு வயது, வலிப்பு.

"அக்கா, கை இழுக்குதுக்கா. மாத்திரை பத்தல."

சாரா அவள் ரத்தத்தைப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. "மெஷின் பொய் சொல்லுமாடி?" என்று அதட்டினாள். டாக்டரும் மாத்திரையைக் கூட்டவில்லை. நாலாம் நாள் விடியலில் விழுந்த லில்லி எழவேயில்லை.

அடக்கம் முடிந்து வந்து மெஷினின் பழைய காகிதங்களைப் புரட்டினாள். லில்லிக்கு முன்னால் மெஷினில் ஓடியது, அதே மருந்து மிஞ்சிப்போய்ப் படுத்திருந்த ஒருவரின் ரத்தம். நடுவில் இவள் கழுவவில்லை. அந்த மிச்சம் ஒட்டிக்கிடந்து லில்லியின் கணக்கில் ஏறியிருக்கிறது...

மெஷினைக் கழுவும் திரவம் மெத்தனால்; ரத்தம் கலக்காமல் அதை மட்டும் செலுத்திப் பார்த்தாள். லில்லியின் மருந்து எழும் அதே நிமிஷத்தில் சிகரம். ஊசியைக் கழுவினாள். புது மெத்தனால் புட்டி உடைத்தாள். மெட்ராஸிலிருந்து மெக்கானிக் பரந்தாமன் வந்து குழாயெல்லாம் மாற்றினார். மறுநாளும் சிகரம்... இன்னும் உயரமாக.

"ஒட்டினதுன்னா கழுவக் கழுவக் கொறையணும்மா," என்றார். "இது இன்னா, ஏறிக்கினே போவுது? யாரோ தெனம் மாத்திரை சாப்புடுற மாதிரி..."

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், லில்லிக்கு எவ்வளவு மருந்து வேண்டியிருந்ததோ அந்த உயரத்தில் சிகரம் நின்றது. அன்றைக்குத்தான் இப்படி நடந்து வந்தாள்.

வீட்டுப் பூட்டைத் திறந்தாள். அலமாரியில் லில்லியின் மாத்திரைப் புட்டி... கடைசியாக வாங்கி, உடைக்காமலே வைத்தது. மூடி திறந்திருந்தது. எண்ணினாள். காலை, ராத்திரி என்று வேளைக்கு ஒன்றாக, ஒன்பது நாளைக்குப் பதினெட்டு குறைந்திருந்தது.

"சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாளாம், இருட்டைப் பார்த்து.

அது தீரும் முன்னே புதுப் புட்டி வாங்கி வைத்தாள்.

அதுவும் தீர்ந்தது.