கொதிக்க வைத்த நீராகாரம்

காப்பி மட்டும் போதும்தானே டாக்டர்? காலையில் பேக்கரிப் பக்கம் போக முடியவில்லை, வீட்டில் ரொட்டி இல்லை. அறுபத்தாறு வயதில் ஒருத்தி எவ்வளவுதான் நடப்பாள்.

பார்வதி உங்களிடம் வந்து சொன்னதில் எனக்குக் கோபமில்லை. பாத்திரம் தேய்க்க வருகிறவள், கண் இருக்கிறது, பார்த்திருக்கிறாள். அன்றைக்கே என்னிடம் கேட்டாள்: "பழையதப் போயி யாராவது கொதிக்க வைப்பாங்களா மதாம்?" சளி பிடிக்கும் என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பவில்லை. சரி, சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

என் தம்பி அலெக்சியை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாறு. இருபதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனான். வருவான், இரண்டு மாதம் இருப்பான், போய்விடுவான். எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டு அவன் அறையைப் பெருக்கிவைத்துக் காத்திருந்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால், பெண்டாட்டி பிரிந்து, சர்க்கரையும் நூற்றுப் பதினெட்டு கிலோவுமாகத் திரும்பிவந்தான். உண்மையைச் சொன்னால், நான் வாழ்ந்தது அந்த ஆறு வருடம்தான்.

பிறகு மொர்கானின் கல்யாணம் நிச்சயமானது. பிரான்சில், துலூஸில் இருக்கிற அவன் மகள். கோயிலுக்குள் அப்பா கையைப் பிடித்துத்தான் நடப்பேன் என்றாள். கல்யாணம் முடிந்ததும் இங்கேயே இருந்துவிடுங்கள் அப்பா என்றும் எழுதினாள். பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவன், அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் உங்கள் கிளினிக்குக்குக் கிளம்பினான்.

நீங்கள் எவ்வளவு பொறுமையாக விளக்கினீர்கள். குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன, நாரும் புளித்த உணவும் கொடுத்தால் நல்லவை பெருகும், எடையும் சர்க்கரையும் இறங்க அவை துணை நிற்கும் என்றீர்கள். மைதா அவற்றைப் பட்டினி போடும். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் போட்டால் கெட்டதோடு நல்லதும் செத்துப்போகும். அங்கே உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

முதல் இரண்டு மாதம் நீராகாரம், கேழ்வரகுக் களி, கீரை என்று நீங்கள் எழுதிக்கொடுத்தபடியே சமைத்தேன். ஒன்பது கிலோ இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பழைய கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். "அக்கா, பட்டன் மாட்டுது பாரு" என்றான். மத்தியானமே பயணப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தான். துடைத்துக்கொண்டே சீட்டியடித்தான்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பழைய சோற்று நீராகாரத்தை நல்ல கிருமிகள் சாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மோர் கலக்காமல் உப்புப் போட்டுக் கொடுத்தேன். மைதாவைச் சிவக்க வறுத்து, ஒரு பிடி கேழ்வரகு கலந்தால் களி நிறத்துக்கு வந்துவிடும். என் மூத்திரத் தொந்தரவுக்கு எப்போதோ எழுதிய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை தருவார்கள். பொடித்தால் கசக்கும். அதனால் பாகற்காய்க் கூட்டில் கலந்தேன். பாகற்காய் சர்க்கரைக்கு நல்லது என்று அவனே இன்னொரு கரண்டி கேட்பான்.

தினம் அவன் சாப்பிட்டதைக் குறிக்கும் கர்னே நோட்டில் மட்டும் நீங்கள் சொன்னதையே எழுதினேன். கன்னியாஸ்திரிகள் பழக்கிய கையெழுத்து. அந்த நோட்டை மற்ற நோயாளிகளுக்குக் காட்டி, இப்படி எழுதணும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

எடை நின்றது, பிறகு ஏறியது. மூன்று மாதச் சர்க்கரை பதினொன்றைத் தாண்டியது. ஒளித்து ஏதாவது தின்கிறீர்களா என்று அவனை நீங்கள் கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று அழுதான். "சத்தியமா நான் திருடித் தின்னலக்கா. நீயாவது நம்பு." நம்புகிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை.

கால்விரலில் புண் வந்தது நான் நினைத்துப் பார்க்காதது. ஆஸ்பத்திரியில் எந்த ஊசிக்கும் புண் கேட்கவில்லை, இவ்வளவு மருந்து எங்கே பழகியது இந்த உடம்புக்கு என்று பெரிய டாக்டர் கேட்டார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பன்னிரண்டாம் நாள் கல்யாணம். போனில் பார்த்தான். மொர்கான் அவள் அம்மாவின் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், மங்கலாக இருந்தது திரையில்லை.

போலீசுக்குச் சொல்லவேண்டுமானால் சொல்லுங்கள். ஒரே ஒரு வார்த்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீராகாரத்தை நான் கொதிக்க வைப்பதில்லை. மோர் ஊற்றுகிறேன், கீரை, முழுக் கேழ்வரகு, எல்லாம் உங்கள் சீட்டில் உள்ளபடி. மாத்திரையைத் தொடுவதில்லை. இந்த மாதம் சோதித்துப் பாருங்கள், சர்க்கரை நிச்சயம் இறங்கியிருக்கும். அவன் ரொம்ப நாள் இருக்கவேண்டும் டாக்டர். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?