காலில் சொரணை

கஞ்சி சூடாக இருந்தால்தான் என் மகள் ஃபெலிசியா குடிப்பாள். ஆறிவிட்டால் தொடமாட்டாள். நீங்களும் பிள்ளை பெற்றவர்போல் தெரிகிறது, இன்ஸ்பெக்டரம்மா. இதெல்லாம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அவள் அப்பா இறந்தபின் பாசிர் கூடாங் வீட்டில் நாங்கள் இருவர்தான். தவக்காலம் தொடங்கியபோது, சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே ரூம் எடுத்துத் தங்கப்போகிறேன் என்றாள். தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வரலாமே என்றேன்.

“முடியாதும்மா. இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது.”

“உனக்குச் சொரணையே இல்லடி,” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவள் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பின்பு செருப்பு கழன்று விழுவதே தெரியவில்லை. சிங்கப்பூர்ப் பேச்சு குறைந்தது. நான் கால் பிடித்துவிட்டேன், குளிப்பாட்டினேன். நல்ல நாட்கள் அவை.

ஆஸ்பத்திரியில் நரம்புக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். அவள் பயந்தாள். டெஸ்ட் எடுக்கும் லோஷினி தங்கமான பெண்.

“ரப்பர் பேண்ட் சுண்டுன மாதிரிதான் இருக்கும்லா. ஆன்டி, நீங்க முதல்ல காட்டுங்க, அக்கா பாக்கட்டும்.”

என் காலை நீட்டினேன். டிக் என்றது. கட்டைவிரல் துள்ளியது.

“உன் காலுக்குக்கூட கோபம் வருதேம்மா,” என்று ஃபெலிசியா சிரித்தாள்.

பிறகு அவள் கால். டிக். விரல் அசையவில்லை. லோஷினி கரண்டைக் கூட்டினாள். டிக். டிக். என் காலுக்குத் திரையில் மேடாக எழுந்த கோடு அவளுக்குத் தரையோடு கிடந்தது. சொரணை தெரிகிறதா என்று லோஷினி கேட்டாள். ஃபெலிசியா என்னைத்தான் பார்த்தாள். அந்த டிக் சத்தம் இந்த அறை மின்விசிறியிலும் இருக்கிறது. உங்களுக்குக் கேட்கவில்லையா?

இரண்டு காலிலும் மரமரப்பு ஒரே மாதிரி விரலிலிருந்து மேலே ஏறுகிறது, சர்க்கரையும் இல்லை, உடம்புக்குள் ஏதோ போகிறது என்று டாக்டர் ரத்தம் எடுத்தார். மீதி உங்களுக்கே தெரியும்.

ஆமாம், கஞ்சியில் நான்தான் போட்டேன். என் வீட்டுக்காரர் காஹாங் செம்பனைத் தோட்டத்தில் இருந்தபோது எலிக்கு வாங்கி வைத்த பழைய தூள். தினமும் இல்லை. சிங்கப்பூர் போகவில்லை என்று அவள் சொன்ன நாட்களில் போடவில்லை. போட்ட நாளிலும் சிலுவை வரைந்து, உதடு சுடாமல் ஊதித்தான் ஊட்டினேன். நேற்று அவள் மூச்சும் நின்றுவிட்டது என்கிறீர்கள். நான் கால் மட்டும் போதும் என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்குச் சொரணையே இல்லையா என்று சற்றுமுன் கேட்டீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள், கண்ணு. அன்றைக்கு என் விரல் எப்படித் துள்ளியது என்று லோஷினியைக் கேட்டுப் பாருங்கள்.