இதர விஷயங்கள்

ஐயா,

கூட்டம் நடத்துவதில் பாதி வேலை பெஞ்சு போடுவதிலேயே முடிந்துவிடும். சுவரில் சாய்ந்துகொள்ள இடம் கொடுத்தால் ஆள் தூங்கிவிடுவார். அதிகம் பேசுகிறவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தால் தெருவில் போகிறவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்வார்.

புதிய சங்கச் செயலாளர்களின் பயிற்சி வகுப்பில் படித்துக் காட்ட, கூட்டத்தைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் திண்டுக்கல்லில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பாசனச் சங்கம் சாணார்பட்டிக்குக் கிழக்கே, ஒரு பெரிய கிணற்றையும் ஓர் ஆயில் எஞ்சினையும் வைத்து நடப்பது. ஊரின் வெங்காயமும் கத்தரியும் அதை நம்பித்தான். நான் செயலாளராக வருவதற்கு முன் கூட்டம் சாயங்காலம் கூடினால் விளக்கு வைத்தும் முடியாது. தண்ணீர் முறையில் தொடங்கி, யார் வீட்டு ஆடு யார் வெள்ளாமையில் மேய்ந்தது என்பதில் போய் நிற்கும். தலைவர் நாச்சிமுத்து நல்ல மனுஷர். பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. மொக்கைச்சாமி என்ற உறுப்பினர் ஒரு தடவை, "ஏலே கருப்பணா, தலைவரு முடிக்கிறதுக்குள்ள நான் போயி வயலுக்குத் தண்ணி பாச்சிட்டு வந்துர்றேன். வந்தப்பறம் கையத் தூக்குறேன், சரியா?" என்று கேட்டுவிட்டு உண்மையாகவே எழுந்து போய்விட்டார்.

இதை நான்தான் மாற்றினேன். என்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினேன். 'எஞ்சின் பற்றி' என்று எழுதினால் ஊர் முழுக்கப் பேசும். 'எஞ்சினுக்குப் புது பெல்ட் வாங்கலாமா' என்று எழுதினால் ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும். சுலபமானது முதலில் வர வேண்டும். சிக்கலானதைக் காபிக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். காபி வாசனை வந்த பிறகு யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள். மறுத்துப் பேசக்கூடியவர் யார் என்று தெரிந்துகொண்டு முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட வேண்டும். பட்டியலின் கடைசியில் 'இதர விஷயங்கள்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். தன் விஷயம் பட்டியலில் இல்லையே என்று வருந்துகிறவருக்கு அது ஆறுதல். பெரும்பாலும் நேரம் அந்த வரி வரை வராது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் நடந்த கூட்டத்தை உதாரணமாகச் சொல்கிறேன். நான் நடத்தியதிலேயே ஒழுங்கான கூட்டம் அதுதான்.

அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேலே இருந்த பம்பால் இழுக்க முடியவில்லை. எஞ்சினையும் பம்பையும் வடக்கயிறு கட்டிக் கிணற்றுக்குள் பாதி ஆழத்துக்கும் கீழே இருந்த கல்மேடைக்கு இறக்கி, ஒரு நாள் சற்று நேரம் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் ஏறியது. இனி அங்கேயே வைத்து நாள் முழுக்க ஓட்டலாமா என்பதுதான் முடிவாக வேண்டியது. பயிர் தலை சாய்ந்துகொண்டிருந்தது. அன்று கூட்டத்தைப் பார்க்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரியும் வருவதாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் கூட்டத்தை முடிக்கும் பட்டிக்காட்டுச் சங்கம் ஒன்று இருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எஞ்சின் ஓட்டியவர் பவுல்ராஜ். சங்கத்தில் உறுப்பினரும்கூட. வழக்கம்போல முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, உள்மேடையில புகை வெளியேற வழியில்ல. அன்னைக்குச் செத்த நேரம் ஓட்டுனதுக்கே தலை கிறுகிறுன்னுருச்சு. புகைக்குழாயக் கெணத்து வாய் வரைக்கும் நீட்டிட்டா ஒண்ணுமில்ல. திண்டுக்கல்லுல சொல்லிருக்கேன், ஒரு வாரத்துல வந்துரும். அம்புட்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கண்ணே."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி புஷ்பமேரி, "நாளைக்குக் கூட்டத்துல நீங்களே சொல்ல வேண்டியதுதான? வீட்டுல மட்டும் இம்புட்டுப் பேச்சு. நாலு பேரக் கண்டா வாயில கொழுக்கட்டை" என்றார்.

"சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், நீ பாரு" என்று பவுல்ராஜ் சிரித்தார்.

நான் சொன்னேன்: "அந்த விஷயம் வரும்போது குறுக்க பேசாத பவுலு. அதிகாரி முன்னால நமக்குள்ள சண்டைன்னு தெரியும். கடைசியில இதர விஷயங்கள்னு வரும். அப்ப நானே ஒன்னயக் கூப்பிடுறேன். நிதானமாச் சொல்லு."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே."

மறுநாள் அவர் ஒரு துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தார். பிரித்துக் காட்டினார். செத்த புறா. கிணற்றுச் சுவர்ப் பொந்துகளில் புறாக்கள் இருந்தன. எஞ்சின் ஓடிய அன்று செத்து மேடையில் விழுந்த ஒன்று. மற்றவை திரும்பி வரவில்லை என்றார். வாயால் சொல்வதைவிடக் காட்டுவது அவருக்குச் சுலபம் என்று நினைத்திருப்பார். அதிகாரி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் செத்ததைக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அதை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார்.

கூட்டம் நன்றாக நடந்தது. எஞ்சின் விஷயம் வந்தபோது பவுல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் பொறு என்று கண்ணால் சொன்னேன். மற்றவர்கள் கையைத் தூக்கினார்கள். "நாளைக்கே ஓட்டட்டும்ப்பா, கத்தரி காஞ்சு கருவாடாப் போச்சு" என்றார் மொக்கைச்சாமி. அதிகாரியும் சிரித்தார். காபி வந்தது. பிறகு இதர விஷயங்கள் என்ற வரி மட்டும் பாக்கி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆவதற்குச் சில நிமிஷங்கள் இருந்தன. நான் அந்த வரியை வாசிக்கவில்லை. தலைவரை நன்றி சொல்லச் சொன்னேன். அவரும் அன்று சுருக்கமாகவே சொன்னார்.

அப்போது பவுல்ராஜ் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

நானும் எழுந்தேன். தேசிய கீதத்தைத் தொடங்கினேன்.

எங்கள் கூட்டம் அதோடுதான் முடியும். எல்லோரும் எழுந்தார்கள். பவுல்ராஜ் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக நின்றார். அந்தப் பாட்டு நடக்கும்போது அசையக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அது எனக்குத் தெரியும். முடிந்ததும் அதிகாரி என் தோளைத் தட்டி, எல்லாச் சங்கத்துக்கும் இப்படி ஒருவர் வேண்டும் என்றார். அவரை வண்டியேற்றி அனுப்பிவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் துண்டு மட்டும் கிடந்தது. புறாவை நாய் தூக்கிப்போயிருந்தது. பவுல்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்ல நேரமில்லாமப் போச்சுண்ணே. நாளைக்கு ஓட்டவா?"

"தீர்மானம் ஆயிருச்சே, பவுலு."

மறுநாள் காலையில் அவர் இறங்கினார். மதியம்வரை எஞ்சின் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் அதிகாரிக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியதால் யாரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக நின்ற பிறகுதான் பார்த்தார்கள். மேடைக்கு மேலே படியில், ஏறி வரத் தொடங்கியவர்போலக் கவிழ்ந்து கிடந்தார்.

விசாரிக்க வந்தவர்கள், யாராவது ஆட்சேபணை சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை, ஏகமனதாக நிறைவேறியது என்றேன். அது பொய் இல்லை. இரங்கல் கூட்டத்தையும் நானே நடத்தினேன். அதுவும் நேரத்தில் முடிந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது புஷ்பமேரி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணே, கூட்டத்துல சொல்லிட்டுத்தான் வருவேன்னு போனாரே. சொன்னாரா?"

"சொல்லலம்மா" என்றேன்.

அதுவும் பொய் இல்லை. "வாயத் தொறக்காமலே போய்ட்டாரு மனுஷன்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை ஊரில் நின்றுவிட்டது. பவுல்ராஜின் பையன் வகுப்பில் பதில் சொல்லாமல் நின்றால், அப்பனைப்போல ஊமை என்கிறார்கள். அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறேன்.

புகை இவ்வளவு செய்யும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் நினைக்கலாம். ஓட்டிப் பார்த்த அன்று நானும் மேடைக்கு இறங்கினேன். ஏறி வந்து வாந்தி எடுத்தேன். சாப்பிட்ட வெஞ்சனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னேன். பவுல்ராஜ் சொன்னது சரி என்று அவர் வீட்டு வாசலை மிதிக்கும்போதே எனக்குத் தெரியும். அவர் பேசியிருந்தால் ஒரு வாரம் பொறுத்திருப்பார்கள். கூட்டம் இன்னும் அரை மணி நேரம் நீண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லாததால் அவரைக் கொன்றேன். இப்போதெல்லாம் கூட்ட முடிவில் எல்லோரும் பாடும்போது என் வாய் மட்டும் அசைகிறது, சத்தம் வருவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரிந்துவிடுமோ என்று கூசி நிற்கிறேன்.

பவுல்ராஜ் பேச எழுந்தார் என்பதை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். புஷ்பமேரியின் வீடு எங்களுக்கு அடுத்த தெரு. அங்கே போய்ச் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டு வருஷமாக அமையவில்லை. தாங்கள் மதுரையில் இருப்பதால் தங்களுக்கு எழுத முடிந்தது. எழுதிய பிறகு மனசு கொஞ்சம் லேசாகிவிட்டது.

வகுப்பில் முதல் பக்கத்தை மட்டும் படித்தால் போதும். அதில் தவறு ஏதும் இல்லை.

இப்படிக்கு,
கருப்பணன்,
செயலாளர்.