இரண்டு மூக்குகளின் ஒப்புதல்

— இன்னொரு தடவை மோந்து பாருங்கண்ணே. தேங்காய் ஓட்டுக் கரியில வடிச்ச முதல் குப்பியில மண் வாடை மூக்கைத் துளைக்குது. நிலக்கரியில செஞ்ச கரியில வடிச்ச ரெண்டாவதுல அது இல்ல.

— எத்தனை தடவைதான் மோக்கச் சொல்லுவ, தங்கச்சி? ரெண்டும் ஒண்ணுதான். தேங்காய் ஓட்டுக் கரியையே வாங்குவோம். கரி எவ்வளவு உறிஞ்சும்னு காட்டுற அயோடின் எண் அதுக்கு ஆயிரத்து நூறு. நிலக்கரியில செஞ்சதுக்குத் தொள்ளாயிரம்தான். எண்ணு பொய் சொல்லுமா?

— அய்யோ! அந்த எண்ணு சின்னத் துளைங்களைத்தான் கணக்கெடுக்கும். நம்ம ஏரித் தண்ணியில இலை மக்கின சாயம் இருக்கு. அது சின்னத் துளையெல்லாம் அடைச்சுக்கிட்டு உட்கார்ந்துடுது. அப்புறம் வாடை எங்க போய் ஒட்டும்? நிலக்கரியில செஞ்சதுல அகலத் துளையும் இருக்கு. ஒரு வாரமா ரெண்டுலயும் நம்ம தண்ணியைத்தானே விட்டுப் பார்த்தேன்!

— ஆய்வுக்கூடத்துல உட்கார்ந்துக்கிட்டு எல்லாம் பேசலாம். ஊருக்குத் தண்ணி விடுற வடிகட்டித் தொட்டிக்குப் பொறுப்பு நான்.

— பொறுப்பா? நாலு மாசமா தண்ணி நாறுதுன்னு ஊரே போன் போட்டுக் கத்துது. நீங்க தினமும் ‘வாடை இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறீங்க.

— ஜனங்களுக்கு வேற வேலை என்ன?

— எங்க வீட்டுச் சின்னவ தம்ளரைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கிறா. மத்தியானத்தோட டெண்டர் முடியுது; அதுக்குள்ள எந்தக் கரின்னு நம்ம ரெண்டு பேர் மூக்கும் ஒத்துக்கிட்டாத்தான் கரி வரும். இல்லேன்னா அடுத்த வருஷம்தான்!

— உனக்குத்தான் ஏதோ ஜலதோஷம்.

— எனக்கா? சரியாப் போச்சு! இருபது வருஷமா நீங்க மோந்து சொன்னா மேலதிகாரிகூட மறுபேச்சு பேச மாட்டார். இன்னிக்கு என்னண்ணே இப்படி ஒரு பிடிவாதம்?

— உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. நீ நகரு, நானே எடுத்துக்கிறேன். ம்... பாரு, இதுலயும் ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.

— அண்ணே...

— என்ன அப்படி முழிக்கிற?

— நீங்க எடுத்தது அந்த ரெண்டு குப்பியில ஒண்ணு இல்ல. காலையில ஏரியிலிருந்து மொண்டு வந்தது. எந்தக் கரியும் படாத தண்ணி. வாசல்ல நிக்கிற காவலாளியே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்.

— இரு, இன்னொரு தடவை மோந்து பார்க்கிறேன்.

— குப்பியைக் கீழ வைங்கண்ணே. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— அந்தக் கதவைச் சாத்து, தங்கச்சி. நாலு மாசத்துக்கு முன்னாடி ஜுரத்துல படுத்தேனே... எழுந்த நாள்லேருந்து எனக்கு எதுவுமே மணக்கல.