பிடுங்கிப் போட்ட குட்டைச் செடிகள்

மகள்: மேட்டுத் தோட்டம் எனக்கு வேணும்ப்பா. என் பேருக்கே.

அப்பா: எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சொத்துப் பேச்சு பொம்பளைப் பிள்ளை வாயில வரக்கூடாதுன்னு...

மகள்: வந்துருச்சே. இப்ப என்ன செய்ய?

அப்பா: இவளைப் படிக்க வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!

அம்மா: காபி ஆறுது. குடிச்சுட்டுச் சண்டை போடுங்க.

அப்பா: பாலே ஊத்தலை?

அம்மா: இன்னிக்கு ஒருநாள் குடிச்சுப் பாருங்களேன்.

அப்பா: ம்... லேசாப் புளிக்குது. ஆனா... ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம். அடியில ஒரு இனிப்பு. இது நம்ம செடி இல்லையே?

மகள்: நம்ம செடிதான். நீங்க பிடுங்கிப் போட்டது.

அப்பா: நானா?

மகள்: நாலு வருசம் முன்னாடி நாற்றங்கால்ல கத்தூரான்னு ஒரு காபி ரகத்தோட விதை போட்டேன். நான் பரீட்சைக்குப் போன நேரம் பார்த்து, குட்டையா நிக்குதுன்னு மொத்தத்தையும்...

அப்பா: குட்டை நாத்தைக் கழிச்சுட்டுத்தானே பையில மாத்தணும்! முப்பது வருசமா அப்படித்தான்...

மகள்: அது நோஞ்சான் இல்லப்பா. அராபிகா காபியில அது குட்டை ரகம். வளர்த்தியே அவ்வளவுதான். கணு நெருங்கி நெருங்கி இருக்கும், கணுவுக்குக் கணு காய்க்கும்.

அப்பா: அப்ப இந்தக் காபி?

அம்மா: குப்பைக்குழியில கிடந்ததைப் பொறுக்கி நட்டேன். பதினாலு பிழைச்சுது. குளியலறைக்குப் பின்னாடி...

அப்பா: அந்தப் புதரா? அழகுச் செடின்னுல்ல நினைச்சேன்!

மகள்: தினம் பல்லு விளக்கித் துப்புறீங்களே, அதுங்க மேலதான். ஏணி வேண்டாம், கிளையை வளைக்க வேண்டாம். அம்மா நின்ன இடத்துல நின்னே பறிக்கிறாங்க.

அப்பா: உரம் தின்னுமே?

மகள்: தின்னும். இலைத்துரு நோய் வந்தாலும் தாங்காது. தினம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும். பார்ப்பேன்.

அப்பா: மேட்டுத் தோட்டத்துல நட்டா எத்தனை அடிக்கு ஒரு குழி?

மகள்: நாலு.

அப்பா: நாலா! அப்ப ஒண்ணு நிக்கிற இடத்துல ரெண்டு... சரி, நடு. ஆனா தோட்டம் உன் அண்ணன் பேருக்குத்தான்.

மகள்: அவன் அந்த மேட்டுல என்னிக்காவது ஏறியிருக்கானா?

அப்பா: ஏறலைன்னா? ஆம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டுல உனக்கு நான் கையெழுத்துப் போட்டா நாலு பேர் சிரிப்பாங்க. ஏய்... எங்க எழுந்துட்ட?

மகள்: குழி வெட்ட ஆள் வந்து நிக்குது.

அப்பா: கையெழுத்தே போடலைங்கிறேன்!

மகள்: அந்தத் தோட்டத்தை வாங்குறப்ப, பொம்பளை பேருல பதிஞ்சா கட்டணம் குறைவுன்னு யார் பேருல பதிஞ்சீங்க?

அப்பா: அது... உங்கம்மா பேருல, சும்மா பேருக்கு... ஏம்மா, நீ...?

அம்மா: முந்தாநாளே இவ பேருக்கு எழுதிக் குடுத்துட்டேங்க.

அப்பா: பின்ன எதுக்குடி என்கிட்ட வந்து கேட்ட?

மகள்: எங்கப்பா குடுத்தார்னு சொல்லிக்க ஆசையா இருந்துச்சு... அளவுக்கயிறை எடுத்துட்டுப் போறேன். காபியை மிச்சம் வைக்காம குடிங்க. மனசு வந்தா மண்வெட்டியோட வாங்க.