பெருநாளைக்கு வருகிறேன் என்றவர்

தஞ்சாவூரிலிருந்து அதிராம்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் முதல்நாள் பார்த்த சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சாகக் கிடக்குற அம்மாகிட்ட, தம்பி வந்துகிட்டே இருக்கான்னு பெரியவன் பொய் சொன்னான்ல லாத்தா, அது தப்பா?" என்று இளையவள் கேட்டாள்.

"தப்புதான். அந்தம்மா வாசலையே பாத்துக்கிட்டுல்ல போனாங்க."

"எங்க வீட்டுக்காரரும் துபாய்ல பாத்துட்டு போன் பண்ணாரு. அதுல என்ன தப்பு, நிம்மதியாத்தானே கண்ணை மூடுனாங்கங்குறாரு."

பஸ் ஒரத்தநாட்டைத் தாண்டியது. பிறகு மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தப் பெருநாளைக்கு வர்றேன்னாரா?"

"ஒவ்வொரு பெருநாளைக்கும் அப்படித்தான் சொல்றாரு. நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது."

"அவர்கிட்ட கேட்டியா?"

"இல்ல லாத்தா. கேட்டுட்டா, வர்றேன்னு சொல்றதையும் விட்டுடுவாரு."