பெருச்சாளிப் புழுவுக்கு ஒரு பேர்

— நாளைக்குக் கப்பல், மாப்பிள்ளை. இன்னும் பெட்டி கட்டாம உட்கார்ந்திருக்கீங்க.

— கட்டுறேன் அத்தை. கட்டுரையில கடைசி வரி பாக்கி. தபால்ல சேர்த்துட்டா என் வேலை தீந்தது.

— இதையேதான் ஆவணியில ஊருக்குக் காயிதம் போட்டீங்க. அதான் கூட்டிட்டுப் போக நானே வந்தேன். என் மக போனதிலேருந்து பிளேக் ஆபீசு, எலி அறுக்கிறது, இந்த ஒத்தை அறை. பொறிக்குள்ள கிடக்கிறது எலியா, நீங்களா?

— இந்தத் தடவை நிசம்.

— ரங்கூன்ல இனி நமக்கு யாரு இருக்கா? நான் விடியக்காலையிலேயே ஆத்துல முழுகிட்டு வந்துட்டேன். மனசு லேசா இருக்கு. அப்படி என்னத்தைத்தான் எழுதுறீங்க?

— ஆத்துக்கு அக்கரையில டாலா வயல்ல பிடிச்ச பெருச்சாளி வயித்துல ஒரு புழு. நூல் மாதிரி. இதுவரைக்கும் யாரும் கண்டு எழுதினதில்லை. முதல்ல எழுதுறவனே அதுக்குப் பேர் வைக்கலாம்.

— உங்க பேரையே வச்சுக்குங்க.

— தன் பேரைத் தானே வைக்கிறது வழக்கமில்லை. ரத்தினம்னு வச்சிருக்கேன்.

— எந்த ரத்தினம்?

— நம்ம ரத்தினம்.

— அடப் பாவி! எலிக் காய்ச்சல்ல போனவ பேரை எலிப் புழுவுக்கா? காலேசுல இதைத்தான் சொல்லிக் கொடுத்தானுங்களா?

— பிளேக் வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு அத்தை. சாம்பல்கூடத் தரல. அவ இருந்தாங்கிறதுக்கு இந்த ஊர்ல ஒரு கல்லு இல்ல. பேர் அச்சுல ஏறிட்டா அழியாது. இந்தப் புழுவைப் பத்தி எவன் பேசினாலும் அவ பேரைச் சொல்லித்தான் ஆகணும்.

— ஒரு பூ, ஒரு செடி கிடைக்கலையாக்கும்.

— எனக்குக் கிடைச்சது இதுதான்.

— ...சரி, எழுதுங்க. எழுதிட்டுக் கப்பல் ஏறுவீங்கல்ல?

— ஏறுவேன். கட்டுரையோட புழுவையும் சீமைக்கு அனுப்பணும். பொட்டைப் புழு எத்தனையோ இருக்கு. ஆனா ஆண் புழுவோட வாலைப் பாத்தாத்தான் இது வேற இனம்னு ஒத்துக்குவாங்க. வருசக்கணக்காத் தேடினதுல ஆண் ஒண்ணே ஒண்ணுதான். அது இல்லேன்னா இது வெறும் காகிதம். திரும்ப முதல்லேருந்து பெருச்சாளி அறுக்கணும்.

— புழுவுலயும் ஆண், பொட்டையா! ஆபீசுல பத்திரமா இருக்கா?

— அங்கே வச்சா துரை தன் பேர்ல எழுதிடுவார். இங்கேதான் இருக்கு, சாமி படத்துக்குப் பின்னால. சின்னக் குப்பியில, சாராயம் ஊத்தி. துரை கண்ணுல பட்டாலும் புரியாம இருக்கட்டும்னு தமிழ்லயே அவ பேரை எழுதி ஒட்டினேன். அதைக் கொஞ்சம் எடுங்க... என்ன அத்தை? ஏன் அப்படியே உட்கார்ந்துட்டீங்க?

— படம் துடைக்கையில பாத்தேன். பக்கத்து அறை சைதாதான் படிச்சுச் சொன்னா, ரத்தினம்னு எழுதியிருக்குன்னு. வண்டிக்காரன் கால்ல விழுந்து அவளோட ஏதோ ஒண்ணை வாங்கி ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்... காலையில சம்பான் படகுல ஏறி, எள்ளும் தண்ணியும் இறைச்சு, நட்டாத்துல விட்டுட்டேன், மாப்பிள்ளை.